இச்சை

சுடும் தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை வெடுக்கென்று பின்வாங்குகிறது. பள்ளிப் பாடநூல் இதை அனிச்சைச் செயல் என்கிறது, இச்சையின்றி நடப்பது. ‘இச்சா’ என்ற வடசொல்தான் தமிழில் இச்சை ஆனது. விருப்பம் என்பதே பொருள், களங்கம் எதுவும் இல்லை.

வேதாகமத் தமிழிலோ அதன்மேல் கறை தெரிகிறது. கிரேக்க மூலத்தில் ‘எப்பிதுமெயோ’ என்ற ஒரே வினைச்சொல். பெண்ணைத் தகாதபடி நோக்குவதைச் சொல்லும் மத்தேயு 5:28இல் அது ‘இச்சை’. சீடர்களோடு பஸ்கா உண்ண இயேசு ஏங்கும் லூக்கா 22:15இல் ‘ஆசை’. அழகான தேர்வு!

யாக்கோபு 1:15 இச்சையைத் தாயாகவும் பாவத்தை அதன் பிள்ளையாகவும் காட்டுகிறது. அப்படியானால் இச்சையே பாவமா? ஞானஸ்நானம் பெற்றவருக்குள் எழும் அந்த நாட்டம் தன்னளவில் பாவமல்ல, மனம் இசையாவிட்டால் கேடில்லை என்றது 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கோ அந்த நாட்டமே பாவம்.