மாத்தளை வரை நீண்ட ஸ்பானிய முடியின் நிழல்

இலங்கையை ஆண்ட ஐரோப்பியர் யாவர் எனக் கேட்டால், பாடசாலை மாணவர் முதல் பெரியோர் வரை அனைவரும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்றே விடை கூறுவர். ஸ்பெயினின் பெயர் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆயினும் 1580 முதல் 1640 வரையான அறுபது ஆண்டுகள் போர்த்துக்கலின் முடியைத் தரித்திருந்தவர்கள் ஸ்பெயின் மன்னர்களே. யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்ததும், கரையோர முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், ஒல்லாந்தர் இத்தீவை நாடி வந்ததும் அந்த அறுபது ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்தன. கடற்கரையே இல்லாத மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றிலும் அன்றாட வாழ்விலும் அக்காலத்தின் தடங்கள் இன்றும் உள்ளன.

உலகைப் பங்கிட்ட இரு முடிகள்

1492 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் இராச்சியமான கிரனாடா வீழ்ந்தது. 711 இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி அத்துடன் முடிவுற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில், ஸ்பானிய அரசியின் ஆதரவுடன் மேற்கு நோக்கிச் சென்ற கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். அவர் தேடிச் சென்றதோ கீழைத்தேயத்தின் மிளகும் பொன்னுமாகும்.

1494 இல் செய்துகொள்ளப்பட்ட தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயினும் போர்த்துக்கலும் அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஒரு கோட்டை வரைந்து, அதன் மேற்குப் புறத்தை ஸ்பெயினுக்கும் கிழக்குப் புறத்தைப் போர்த்துக்கலுக்கும் எனப் பங்கிட்டுக் கொண்டன. அந்நாடுகளில் வாழ்ந்த மக்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இலங்கை போர்த்துக்கலின் பங்கில் அடங்கியது. ஸ்பானியக் கொடி இங்கு பறக்காமைக்கு இதுவே காரணமாகும்.

ஆனால், 1578 இல் மொரோக்கோ மீது படையெடுத்துச் சென்ற போர்த்துக்கேய மன்னன் செபஸ்தியான் போர்க்களத்திலேயே மாண்டான். அவனுக்கு வாரிசு இல்லை. அவனுக்குப் பின் முடிசூடிய முதியவரான ஹென்றியும் 1580 இல் இறந்துவிடவே, ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் அம்முடிக்கு உரிமை கோரிப் பெற்றுக்கொண்டான். நிர்வாகம் போர்த்துக்கேய அதிகாரிகளிடமே விடப்பட்டது. கட்டளைகள் கோவா வழியாகவே வந்தன. எனினும் அவை ஸ்பெயின் மன்னர்களின் பெயராலேயே பிறந்தன. 1597 இல் கோட்டை மன்னன் தர்மபாலன் இறந்தபோது, அவன் முன்னரே எழுதிக் கொடுத்திருந்த நன்கொடையின்படி கோட்டை இராச்சியத்திற்கு உரிமையாளனாகக் கருதப்பட்டவனும் இரண்டாம் பிலிப்பே. 1619 இல் யாழ்ப்பாணம் கைப்பற்றப்பட்டு, இரண்டாம் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டதும், 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதும் இதே முடியின் கீழ்தான்.

கண்டி அரசும் மாத்தளை இளவரசனும்

இவ்வல்லரசுக்கு அடிபணியாது நின்றது கண்டி இராச்சியம். அதனை உறுதியாக நிலைநிறுத்திய முதலாம் விமலதர்மசூரியனின் கதை விசித்திரமானது. கோனப்பு பண்டாரம் என்ற இயற்பெயருடைய அவர், போர்த்துக்கேயரிடம் வளர்ந்த காலத்தில் ஞானஸ்நானம் பெற்று 'ஒஸ்திரியாவின் டொன் ஜுவான்' எனப் பெயரிடப்பட்டார். அது இரண்டாம் பிலிப்பின் தந்தைக்கு வேறொரு தாயிடம் பிறந்த சகோதரனின் பெயர். 1571 இல் லெபாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்றவன் அவன். அதற்குச் சற்று முன்னர் கிரனாடா மலைப்பகுதியில் எழுந்த முஸ்லிம் வழிவந்தோரின் கிளர்ச்சியை அடக்கியவனும் அவனே.

அப்பெயரைச் சுமந்தவரே போர்த்துக்கேயருக்கு எதிராகத் திரும்பி, 1594 இல் தந்துரையில் அவர்களது படையை முறியடித்தார். டோனா கத்தரீனா எனப் பெயர் சூட்டப்பட்டிருந்த குசுமாசன தேவியை மணந்து கண்டி அரியணைக்குரிய உரிமையையும் பெற்றார். அவரது மறைவுக்குப் பின்னர் அத்தேவியை மணந்து 1604 முதல் 1635 வரை ஆட்சி புரிந்தவர் மன்னர் செனரத். அவர் தமது இராச்சியத்தை இளவரசர்களுக்குப் பங்கிட்டபோது மாத்தளை விஜயபாலனுக்கு உரியதாயிற்று. பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கனுடன் பகைத்துக்கொண்ட விஜயபாலன் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கோவாவிலே வாழ்ந்து 1654 இல் அங்கேயே மறைந்தான்.

ஒல்லாந்தர் வந்ததும் இப்பின்னணியில்தான். ஸ்பெயினின் ஆதிக்கத்தை எதிர்த்து அவர்கள் 1568 முதல் 1648 வரை போராடினர். போர்த்துக்கேயக் குடியேற்றங்களும் ஸ்பெயின் மன்னனுக்கே உரியனவாகிவிட்டமையால், அவையும் ஒல்லாந்தரின் இலக்குகளாயின. 1602 இல் ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்து விமலதர்மசூரியனைச் சந்தித்தமையும், 1638 இல் இரண்டாம் இராஜசிங்கனுடன் உடன்படிக்கை ஏற்பட்டமையும் இதன் விளைவுகளே. ஐரோப்பாவில் நடந்த ஒரு விடுதலைப் போராட்டம் இலங்கையில் ஓர் எசமானை நீக்கி மற்றோர் எசமானைக் கொணர்ந்தது.

விரட்டியவர்களும் ஏற்றவர்களும்

1609 முதல் 1614 வரையான காலத்தில் ஸ்பெயின், 'மொரிஸ்கோ' எனப்பட்ட மக்களைத் தனது மண்ணிலிருந்து வெளியேற்றியது. கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவத்தைத் தழுவிய முஸ்லிம்களின் சந்ததியினர் அவர்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் பிறந்த மண்ணை இழந்து, பெரும்பாலும் வட ஆபிரிக்காவில் தஞ்சமடைந்தனர்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே முடியின் கீழ் அதே துயரம் இலங்கையில் மீண்டும் அரங்கேறியது. 1626 இல் போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் கட்டளை பிறந்தது. தலைமுறை தலைமுறையாகக் கரையோரத் துறைமுகங்களில் வாணிபம் செய்து வாழ்ந்தோர் ஏதிலிகளாயினர். அவர்களை ஏற்றுக்கொண்டவர் மன்னர் செனரத். ஏறக்குறைய 4,000 பேரை அவர் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் எனப் போர்த்துக்கேயக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

மலையகத்திற்கு முஸ்லிம்கள் அப்போதுதான் முதன்முதலாக வந்தனர் எனக் கொள்ளலாகாது. வணிகத்தின் பொருட்டு அவர்கள் அதற்கு முன்னரும் இங்கு வந்து போயினர். ஆயினும் கரையோரம் பகையான பின்னர் கண்டி இராச்சியத்துடன் அவர்களது பிணைப்பு இறுகியது. பொதிமாடுகளைக் கொண்டு உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைநாட்டுக்கு ஏற்றிவந்து பாக்கையும் பிற பொருட்களையும் வெளியே கொண்டுசென்ற தவளம் வாணிபத்தில் அவர்கள் முக்கிய பங்கு வகித்தனர். அதற்கென 'மடிகே' என்றொரு பகுதியே அரச நிர்வாகத்தில் இருந்தது. மாத்தளை நகரிலும் உக்குவளை, கலேவெல போன்ற இடங்களிலும் இன்று வாழும் முஸ்லிம் சமூகங்களின் வரலாற்றுப் பின்புலத்தில் இப்பிணைப்புக்கு முக்கிய இடமுண்டு.

ஒரு பெயரின் பயணம்

குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் ஆங்கிலத்தில் 'மூர்' எனக் குறிக்கப்படும் இனப்பெயரும் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்ததே. வட ஆபிரிக்காவின் மொரிட்டானியா என்ற பழைய நாட்டுப் பெயரை ஒட்டி, அங்கிருந்து வந்து தம்மை ஆண்ட முஸ்லிம்களை ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அவ்வாறு அழைத்தனர். பின்னர் சென்ற இடமெங்கும் கண்ட முஸ்லிம்களுக்கு அதே பெயரைச் சூட்டினர். தமிழில் 'சோனகர்' என வழங்கப்பட்டவர்கள் அவ்வாறே 'மூர்' ஆயினர். பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் பகையுணர்வோடு வழங்கிய 'மோரோ' என்ற பெயரை அங்குள்ள முஸ்லிம்கள் தமது அடையாளமாகவே ஏற்றுக்கொண்டனர். 2019 இல் அமைக்கப்பட்ட சுயாட்சிப் பிரதேசம் 'பங்சமோரோ' என்றே பெயர் பெற்றது.

சவூதியிலும் கட்டாரிலும் உழைப்போர் மாத்தளையிலுள்ள தமது குடும்பங்களுக்கு அனுப்பும் 'ரியால்' பணத்தின் பெயரும் ஸ்பானியச் சொல்லே. 'அரசுக்குரிய' எனப் பொருள்படும் 'ரெயால்' என்ற பெயர் கொண்ட ஸ்பானிய வெள்ளி நாணயம் உலகச் சந்தைகளில் பரவியபோது அப்பெயரும் உடன் பரவியது. அந்நாணயங்களுக்கான வெள்ளியின் பெரும்பகுதி, அமெரிக்கச் சுரங்கங்களில் பழங்குடி மக்களின் கட்டாய உழைப்பால் தோண்டப்பட்டதாகும்.

மிளகைத் தேடியோர் தந்த மிளகாய்

மாத்தளை மிளகுக்குப் பெயர்பெற்ற மாவட்டம். அத்தகைய மிளகைத் தேடிப் புறப்பட்ட ஸ்பானியர் அமெரிக்காவில் கண்டது வேறொரு காரப் பொருள். போர்த்துக்கேயர் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தனர். மிளகு போலக் காரமான காய் என்பதால் தமிழர் அதனை 'மிளகாய்' என்றனர். சிங்களத்திலோ 'மிரிஸ்' என்ற சொல் மிளகாய்க்கு உரியதாகிவிட, மிளகு 'கம்மிரிஸ்' என்றாயிற்று. சோளம், தக்காளி, மரவள்ளி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, புகையிலை யாவும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்களே. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நாள்தோறும் குவியும் மரக்கறிகளில் ஒரு பகுதியேனும் 1492 க்கு முன்னர் இந்நாட்டில் எவரும் கண்டிராதவை.

மாத்தளையின் கொக்கோவும் அவ்வாறானதே. மெக்சிக்கோவின் ஆதிக் குடிகள் பருகிய பானத்தை ஸ்பானியர் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தனர். 1869 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது ஆங்கிலேயத் துரைமார் தேயிலையுடன் கொக்கோவையும் சிங்கோனாவையும் நாட்டினர். மலேரியாவுக்கு மருந்தாகிய சிங்கோனாவின் பட்டை, ஸ்பானிய ஆட்சியிலிருந்த பெரு நாட்டிலிருந்து உலகுக்கு அறிமுகமானதாகும். இப்பயிர்களை மாத்தளை மலைகளில் வளர்த்தெடுத்த கைகள், மன்னார்க் கரையில் இறங்கி வடபாதை வழியே நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரின் கைகளாகும். அமெரிக்கப் பழங்குடியினரின் பயிர்கள், ஸ்பானியரின் கப்பல்கள், ஆங்கிலேயரின் முதல், தமிழரின் உழைப்பு என நான்கும் மாத்தளை மண்ணில் சந்தித்தன. பலன் எவருக்குச் சென்றது என்பதை லயன் அறைகளே கூறும்.

இவ்வரலாறு உணர்த்துவது

பேரரசுகள் மறைந்துவிட்டன. அவை விட்டுச்சென்ற பயிர்களும் பெயர்களும் நம்முடையனவாகிவிட்டன. ஆனால் மக்களை அடையாளத்தின் பெயரால் வெளியேற்றும் வழக்கம் பேரரசுகளுடன் மறைந்துவிடவில்லை. 1983 ஜூலையில் தமிழர்கள் தமது வீடுகளிலிருந்து விரட்டப்பட்டபோது மாத்தளையும் தப்பவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2018 மார்ச்சில் அயல் மாவட்டமான கண்டியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

1626 இல் இத்தீவில் இரு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, வேற்று மதத்தினர் என்பதற்காக மக்களை விரட்டிய வல்லரசு. மற்றொன்று, வேற்று மதத்தினராயினும் அவர்களுக்கு நிலமும் தொழிலும் அளித்த மலைநாட்டு அரசு. செனரத் மன்னர் இதனைச் செய்ததில் அரசியல் இலாபமும் இருந்திருக்கலாம். வணிகத்திலும் போரிலும் துணை நிற்கக்கூடிய மக்களை அவர் பெற்றார். அதில் குறைகாண எதுவுமில்லை. அடைக்கலம் அளித்த நாடு அதனால் வலுப்பெற்றது என்பதே அதன் பொருள்.

நமது பாடநூல்களில் இவ்வறுபது ஆண்டுகள் போர்களினதும் ஆண்டுகளினதும் அட்டவணையாகச் சுருங்கிவிடாமல், யார் விரட்டினர், யார் ஏற்றனர் என்பதும் இடம்பெறுதல் வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் அருகருகே வாழும் மாத்தளை போன்ற மாவட்டங்களில் இதனைக் கற்பிப்பது காலத்தின் தேவையாகும்.