வில்ஸ்டன் வாசலில் சேலை உடுத்த பெண்கள்

விடுமுறையில் எடுத்த படச்சுருளைத் தபாலிற் போட்டுவிட்டு, படங்கள் வரும்வரை காத்திருந்த காலத்தை அன்பர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அப்படங்களைக் கழுவியெடுத்த நிலையங்களுள் ஒன்று வட இலண்டன் வில்ஸ்டனில் இருந்த குரன்விக். அங்கு வேலைசெய்தோரிற் பெரும்பாலார் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். அங்கே ஓரளவு வசதியாக வாழ்ந்தவர்களுக்கு இங்கே கிடைத்தவை குறைந்த கூலியும் கட்டாய மேலதிக நேரமுமே. மலசலகூடத்துக்குப் போவதற்கும் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. 1976 ஆகஸ்ட் 20ஆந் திகதி ஜெயாபென் தேசாய் என்னும் சிறிய உருவமுடைய பெண்மணி மகனுடன் வெளியேறினார். சில நாட்களில் 137 பேர் வாசலில் நின்றனர்.

ஆங்கிலத் தொழிலாளர் இவர்களைத் தம்மவராக ஏற்பார்கள் என்று அன்று எவரும் பந்தயங் கட்டியிருக்கமாட்டார். 1968 மார்ச்சில் தொழிற்கட்சி அரசாங்கமே சட்டஞ்செய்து, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த கென்ய ஆசியரின் வருகையைக் கட்டுப்படுத்திற்று. மறுமாதம் ஈனொக் பவல் பேமிங்ஹாமில் பேசிய மூன்றாம் நாள், இலண்டன் துறைமுகத் தொழிலாளர் ஏறக்குறைய ஆயிரம் பேர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்துக்கு நடந்தார்கள். 1974இல் லெஸ்டர் தட்டச்சுப்பொறித் தொழிற்சாலையில் ஆசியர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்களுடைய சங்கமே கைகொடுக்க மறுத்தது.

ஆயினும் குரன்விக்கில் வேறொன்று நடந்தது. கிரிக்கிள்வூட் தபால் ஊழியர் அந்நிலையத்தின் கடிதங்களைத் தொட மறுத்தனர். தபாலையே நம்பிய வியாபாரத்துக்கு இது கழுத்தில் விழுந்த சுருக்கு. 1977 ஜூலை 11ஆந் திகதி ஏறக்குறைய 20,000 பேர் திரண்டனர். யோக்சயர் சுரங்கத் தொழிலாளரோடு, பவலுக்காக நடந்த அதே இலண்டன் துறைமுகத்தாரும் கொடியுடன் வந்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் மனம் முழுதாக மாறிவிட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் "நம்மவர்" என்ற சொல் அன்று சற்று அகன்றது.

தலைமைகள்தாம் தளர்ந்தன. தபால் ஊழியர் பணிக்குத் திரும்பவேண்டியதாயிற்று. வேலைநீக்கப்பட்டோரைத் திரும்ப எடுக்குமாறு ஸ்கார்மன் பிரபு விசாரணை கூறியும் முதலாளி இணங்கவில்லை. நவம்பரில் ஜெயாபென்னும் சிலரும் தொழிற்சங்கக் காங்கிரஸ் தலைமையகத்தின் முன் உண்ணாவிரதமிருந்தனர். கார்த்திகைக் குளிரில் வெறும் வயிற்றோடு வெளியில் இருப்பது உடலை எப்படி வாட்டுமென்று சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய சங்கம் அவர்களையே இடைநிறுத்தியது.

1978 ஜூலை 14ஆந் திகதி போராட்டம் கைவிடப்பட்டது. எவருக்கும் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை.