150 டாலர் படம் போன வழி

ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழுக்காக முதன்முதலில் கேமரா முன் நின்றதற்கு மாடல் எமிலி ரத்தஜ்கோவ்ஸ்கிக்குக் கிடைத்த கூலி 150 டாலர். இதழ் வெளிவந்ததும் படத்தைப் பயன்படுத்தியதற்காக மேலும் சில ஆயிரம். அதில் ஒரு படத்தை அவர் தன் இன்ஸ்டாகிராமில் போட்டார்.

அதை ரிச்சர்ட் பிரின்ஸ் எடுத்துக்கொண்டார். அடுத்தவர் எடுத்த படத்தைத் திரும்பப் படமெடுத்துத் தன் படைப்பாக்குவது இந்த அமெரிக்க ஓவியரின் நெடுநாள் வழக்கம். மார்ல்பரோ விளம்பரத்துக் கௌபாய்களையும் அப்படித்தான் எடுத்தார். இம்முறை வேலை இன்னும் சுருக்கம். பதிவின் கீழே ஒரு கமெண்ட் போடுவார், அதோடு ஸ்கிரீன்ஷாட் எடுப்பார், ஐந்தரை அடி உயரக் கேன்வாஸில் இங்க்ஜெட்டில் அச்சிடுவார். ‘நியூ போர்ட்ரெய்ட்ஸ்’ என்ற இந்த வரிசை 2014இல் நியூயார்க் ககோசியன் காலரியில் காட்சிக்கு வந்தது. எமிலியின் பதிவுகள் இரண்டு அதில் சேர்ந்தன. விலை தலா 80 ஆயிரம் டாலர்.

அவற்றில் ஒன்றை எமிலி வாங்கப் போனார், அதற்குள் விற்றுவிட்டது. மற்றொன்றான ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் படத்தை அவரும் அப்போதைய காதலரும் பாதிப் பாதி பணம் போட்டு பிரின்ஸின் ஸ்டூடியோவிலிருந்தே வாங்கினார்கள். வீட்டுச் சுவரில் அவருடைய உருவம். அதன் கீழே அவர் உடம்பைப் பற்றி பிரின்ஸ் அடித்த மட்டமான கிண்டல். காதல் முறிந்தபோது, அந்தக் கேன்வாஸோடு வந்த சிறிய மாதிரிப் படத்தைக் காதலரிடமிருந்து திரும்பப் பெற இன்னும் 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். 2020இல் அவரே எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இதே வரிசைக்காகப் பிரின்ஸ்மீது வழக்குப் போட்ட இரண்டு புகைப்படக்காரர்களுக்கு 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் இழப்பீடு கிடைத்தது. அது நியாயம். ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் மட்டும். தெருவில் தன்னை எடுத்த பாப்பராசி படமொன்றைத் தன் பக்கத்தில் போட்டதற்காக, 2019இல் எமிலிமீதே வழக்குப் பாய்ந்தது.

பிரின்ஸிடம் வாங்கிய அந்தக் கேன்வாஸின் முன்னால் நின்று எமிலி இன்னொரு படம் எடுத்துக்கொண்டார். 2021 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் அதை என்எஃப்டியாக, அதாவது டிஜிட்டல் உரிமைச் சான்றாக, ஏலம் விட்டது. கட்டணங்கள் சேர்த்து 1,75,000 டாலருக்குப் போனது. எனக்கு அந்தத் தொகையைவிட ஒப்பந்தம் பெரிதாகத் தெரிகிறது: அது கைமாறும் ஒவ்வொரு முறையும் விலையில் ஒரு பங்கு எமிலிக்கு வர வேண்டும் என்பதே அது.