குதிரை வியாபாரி கட்டிய பங்களாக்கள்

பெங்களூர் வசந்த நகரில் அலி அஸ்கர் ரோடு இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார். அஸ்கர் யார் என்று கேட்டால், யாரோ நவாபாக இருக்கும் என்பார். நவாப் இல்லை. ஆகா அலி அஸ்கர் பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்துக் குதிரை வியாபாரி. 1824-ல், 16 வயதில், சகோதரர்களோடு 200 குதிரைகளை ஓட்டிக்கொண்டு பெங்களூர் வந்தவர், இங்கேயே வேரூன்றிவிட்டார்.

ஹை கிரவுண்டு, பேலஸ் ரோடு, ரிச்மண்ட் டவுன் பக்கமெல்லாம் 'துரை பங்களா' என்று நம் பெரியவர்கள் சொன்ன வீடுகளில் ஏறக்குறைய நூறு வீடுகள் அவர் கட்டியவை. குடியிருந்த துரைகளின் பெயர் ஊருக்கு நினைவிருக்கிறது. கட்டியவர் பெயர் ஒரு தெருப் பலகையோடு நின்றுவிட்டது. எனக்கு இது பொறுக்கவில்லை.

அவரைக் கட்டட வேலைக்கு இழுத்தவர் மார்க் கப்பன். மைசூர் ஆட்சியை 1831-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. 1834 முதல் 1861 வரை கப்பன்தான் கமிஷனர். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். குதிரை என்றால் உயிர். நல்ல குதிரை வேண்டுமென்றால் அஸ்கரிடம் போக வேண்டும். அப்படிப் போய் வந்ததில் இருவரும் சிநேகிதர்களானார்கள். நிர்வாகம் பெங்களூருக்கு வந்ததும் அதிகாரிகளுக்கு வீடு தேவைப்பட்டது. கப்பன் சொல்ல, அஸ்கர் மலிவாகக் கிடைத்த நிலங்களை வாங்கி வரிசையாகக் கட்டினார். இங்கிலாந்துக் கிராமத்துப் பிரபுவின் மாளிகையை மனத்தில் வைத்துக் கேட்டவர்களுக்கு, நம் வெயிலுக்கும் மழைக்கும் தகுந்தாற்போல் அகலத் தாழ்வாரமும், உயரமான கூரையும், சுற்றிலும் பெரிய காம்பவுண்டுமாக வீடுகள் எழுந்தன.

கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் யார்? 1809-ல் தண்டு, அதாவது கண்டோன்மென்ட், உருவானபோது பட்டாளத்தின் பின்னாலேயே ஆற்காடு, மெட்ராஸ் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் ஆசாரிகளும் காண்டிராக்டர்களும் வந்தார்கள். அல்சூரில் இருக்கும் எங்கள் குடும்பமும் அப்படி வந்த ஆசாரிக் குடும்பம்தான்.

அப்பாவுக்குக் கடைசிவரை சோறு போட்டது ரிச்மண்ட் டவுன் பங்களாக்களின் 'மங்கி டாப்' வேலை. ஜன்னலுக்கு மேலே குல்லா வைத்ததுபோல் கூம்பி நிற்கும் மரக்கூரை அது. முன்பக்கம் ஒடுக்கமான பலகைகளைச் செங்குத்தாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழ் முனையையும் கூராகச் சீவியிருப்பார்கள். இற்றுப்போன பலகையை மாற்றும்போது அப்பா சொல்வார்: "ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரு நூல் விடுடா. மழையில மரம் ஊதும். இடம் இல்லேன்னா ஆணியைப் பிடுங்கிடும்." அந்த ஒரு நூல் இடைவெளியில்தான் காற்றும் வரும். மத்தியானத்தில் தரையில் கோடு கோடாக வெளிச்சம் விழும்.

அந்த வீடுகள் இப்போது விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. இங்கிலாந்திலும் இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிபட்டன. 1974-ல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அங்கே வாரிசு வரியும் வேலையாள் பஞ்சமும் பெரிய காரணங்கள். இங்கே நிலத்தின் விலை. 1947-க்குப் பிறகு வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்கள் பலரும் கிளம்பினார்கள். 1976-ல் நகர நில உச்சவரம்புச் சட்டம் வந்தபின் பெரிய காலியிடம் வைத்திருப்பதே தலைவலியாயிற்று. பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வந்தால் காம்பவுண்டு அடுக்குமாடியாகிவிடும். தேக்கு உத்தரங்களும் கதவுகளும் பழைய மரக்கடைக்குப் போய்விடும். உளி பட்ட அடையாளத்தோடு அங்கே சாய்ந்து கிடக்கும் உத்தரத்தைத் தடவிப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது.

கப்பன் காலத்து வீடுகளில் பேலஸ் ரோட்டின் பாலாப்ரூயி இன்னும் நிற்கிறது. அவர் பிறந்த மேன் தீவின் மொழியில் வைத்த பெயர். 1928-ல் தாகூர், மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பிரஜேந்திரநாத் சீலின் விருந்தினராக அங்கே தங்கினார். பிறகு அரசு விருந்தினர் மாளிகையானது. அதைச் சட்டமன்ற உறுப்பினர்களின் கிளப்பாக மாற்றப் பேச்சு எழுந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வளாகத்து மரங்களுக்காகவும் சேர்த்து.

1891-ல் அஸ்கர் காலமானார். அவருடைய பேரன்தான் 1926 முதல் 1941 வரை மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில். பெங்களூரை அழகாக்கியவர் என்று பேரனைப் புகழ்கிறோம், சரி. அந்தக் கை தாத்தாவிடமிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

ரிச்மண்ட் டவுனில் பழைய வீடு மிச்சம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் கஷ்டம். அதற்கு முன்னால் தாய்ப் பத்திரத்தை எடுத்து, முதலில் விற்றவர் பெயரைப் படித்து எழுதி வையுங்கள். ஜன்னல்களுக்கு அளவெடுக்க ஒரு நாள் விடுங்கள். கூலி வேண்டாம், டேப்போடு நானே வருகிறேன்.