மலையிலிருந்து கடலுக்கு



ஈராக் நாட்டின் கிர்க்குக் எண்ணெய் வயல்கள் கடலிலிருந்து பன்னூறு மைல் உள்ளே இருக்கின்றன. அங்கு ஊறும் எண்ணெயை மத்தியதரைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் குழாய்ப் பாதை 1934ஆம் ஆண்டிற் பூர்த்தியாயிற்று. கப்பலை அடையாத விளைபொருளுக்கு உலகச் சந்தையில் விலை ஏது?

நம் மலைநாட்டில் எண்ணெய் இல்லை. ஆயினும் அந்தக் குழாய் செய்த வேலையை இங்கே இருப்புப் பாதை செய்தது. கோப்பி செழித்த காலத்தில் மாட்டு வண்டிகளே மூட்டைகளைக் கொழும்புக்குச் சுமந்தன. அந்தத் தாமதத்தைப் பொறாத தோட்டத் துரைமார் புகையிரதம் கேட்டனர். 1867ஆம் ஆண்டில் அது கண்டியை எட்டியது. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பிக்காக வந்த பாதை தேயிலைக்கு உரியதாயிற்று. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா எனப் படிப்படியாக மேலேறி, பட்டிப்பொலவில் 6,200 அடியைத் தாண்டி, 1924இல் பதுளையை அடைந்தது. தோட்டங்களில் நிரப்பப்பட்ட தேயிலைப் பெட்டிகள் இவ்வழியே இறங்கிக் கொழும்புத் துறைமுகம் சேர்ந்தன.

எண்ணெய்க் குழாய்க்கும் இந்தப் பாதைக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. குழாயில் மனிதர் செல்வதில்லை. இங்கோ, தேயிலை இறங்கிய வழியிலேயே அதைப் பறிக்கும் கைகள் ஏறிவந்தன. முன்னைய தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் வாந்திபேதிக்கு மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் புகையிரதமும் இணைந்தன.

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவ்வாறு செல்ல நேர்ந்தோர் பலரை, மலையகத்தார் ‘கோச்சி’ என்றழைக்கும் அதே புகையிரதமே தலைமன்னாருக்குக் கொண்டுசென்றது. உற்றாரும் அயலாரும் நிலைய மேடையில் நின்று அழுதனர். இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்தறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. தேயிலை இன்று பெரும்பாலும் லொறிகளில் இறங்குகிறது. பயணிகளோ பாலங்களையும் சுரங்கங்களையும் வியந்தபடி அந்தப் பாதையில் ஏறுகிறார்கள். அதன் வரலாற்றைச் சொல்வோர், அது சுமந்த பெட்டிகளை மட்டுமன்றி, அது ஏற்றிவந்த மக்களையும் இறக்கிச்சென்ற மக்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.