மொட்டைத் தலையோடு வந்தவர்

1975, ஜூன் மாதம். லண்டனில் ஆபி ரோடு ஸ்டுடியோ. ‘பிங்க் ஃப்ளாய்ட்’ என்கிற ப்ராக்ரஸிவ் ராக் குழு தன் புதிய ஆல்பமான ‘விஷ் யூ வேர் ஹிய’ருக்காக மும்முரமாக உழைத்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து நின்றார் ஒரு குண்டு ஆசாமி. மொட்டைத் தலை. புருவங்களைக்கூட மழித்திருந்தார். ‘யாருப்பா இது?’ என்று ஆளாளுக்கு முழித்தார்கள்.

அது யாரென்று சொல்வதற்கு முன், கொஞ்சம் பின்னால் போய் வருவோமா?

1965-ல் உருவான அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தவரே ஸிட் பாரெட்தான். பாடகர், கிடார் கலைஞர். முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. புகழ் வந்தது. கூடவே எல்.எஸ்.டி. போதையும்! மனம் தடுமாறியது. மேடையில் வாசிக்காமல் வெறித்தபடி நிற்பார். 1968 ஜனவரியில், கச்சேரிக்குக் கிளம்பிய நண்பர்கள் ஸிட்டை அழைத்துப்போக வண்டியைத் திருப்பவில்லை. சண்டை இல்லை, வழியனுப்பு விழா இல்லை. அவ்வளவுதான்!

1973-ல் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் உலகப் புகழைக் கொட்டியது. அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்தபோது, விட்டுவிட்டு வந்த நண்பனின் ஞாபகம்தான் வந்தது. ‘ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்’ பிறந்தது. சுமார் 26 நிமிடப் பாட்டு. அதை இரண்டாகப் பிரித்து, ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார்கள்.

இப்போது ஸ்டுடியோவுக்கு வாருங்கள். அந்த மொட்டை ஆசாமி..? ஸிட்டேதான்! வயது 29. விஷயம் உறைத்ததும் ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

2006-ல், கேம்ப்ரிட்ஜில் ஸிட் காலமானார். ‘நீ இங்கே இருந்திருக்கக் கூடாதா’ என்பதுதான் அந்த ஆல்பத்தின் பெயருக்கு அர்த்தம். அன்றைக்கு அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.