மல்யுத்தப் பயிற்சியில் இரு கடுமைகள்

உடலை எந்த அளவுக்கு வதைக்கிறோமோ அந்த அளவுக்கு மனம் உரமேறும் என்பது மல்யுத்தப் பயிற்றுநர்களிடம் வேரூன்றிப்போன நம்பிக்கை. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கோதாவில் இறங்கியவருக்குப் பந்தைக் கைமாற்றிவிட்டு மூச்சு வாங்க வழியில்லை. தோற்றால் பழியைப் பங்குபோட்டுக்கொள்ள ஆளும் இல்லை. தன்னைச் சாய்ப்பதற்கென்றே வந்து நிற்கும் ஓர் உடலை ஆறேழு நிமிடம் தாங்கிநிற்க ஏதோ ஒரு கடினப்பாடு வேண்டும் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இந்த நம்பிக்கை, இரண்டு வேறு கடுமைகளை ஒன்றெனக் கொள்கிறது. எதிரில் நிற்பவர் தரும் எதிர்ப்பு ஒன்று. பட்டினி, தாகம், அவமானம் என்று வெளியிலிருந்து சுமத்தப்படும் வதை மற்றொன்று. முன்னது வீரரை வளர்க்கிறது. பின்னது தாங்கக்கூடியவர் யார், முடியாதவர் யார் என்று சலித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. மனவுறுதிப் பயிற்சி பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்த வேறுபாட்டைக் காணாததால் வருபவை என்பது என் வாதம்.

வெல்லும் மல்லரையும் தோற்கும் மல்லரையும் மனத்தளவில் எது பிரிக்கிறது? கனடாவின் முன்னணி மல்லர்களிடம் ஹைலனும் பென்னட்டும் 1979இல் வெளியிட்ட ஆய்வும், அமெரிக்காவின் பிக் டென் குழுமப் பல்கலைக்கழகங்களின் மல்லர்களிடம் கூல்டு, வைஸ், வைன்பர்க் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வும் முதன்மையாகச் சுட்டியது தன்னம்பிக்கையை. இதற்கு ஒரு தடை உடனே எழும்: நம்பிக்கையால் வென்றார்களா, வென்று பழகியதால் நம்பிக்கை வந்ததா? நியாயமான தடைதான். மனவுறுதிக்கு 2002இல் ஜோன்ஸ், ஹான்டன், கானாட்டன் வகுத்த புகழ்பெற்ற வரையறைக்கும் இதே குறை உண்டு. உயர்நிலை வீரர்களிடமே கேட்டு எழுதிய இலக்கணத்தை அவர்கள் உயர்ந்ததற்குக் காரணமாகக் காட்டினால் வாதம் தன் வாலைத் தானே கவ்வும். இருப்பினும், தன்னால் முடியும் என்ற உணர்வின் வலுவான ஊற்று நேரடியாகச் செய்துமுடித்த அனுபவமே என்று 1977இல் பண்டூரா முன்வைத்த கருத்தைச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தடையே என் வாதத்துக்குத் துணையாகிறது. வெற்றி நம்பிக்கையைத் தருமென்றால், ஆண்டுக்குச் சில முறை வரும் போட்டிகளை மட்டும் நம்பி ஒரு பயிற்றுநர் இருக்க முடியாது. சிறு சிறு வெற்றிகளும் அச்சமில்லாத தோல்விகளும் நாள்தோறும் நிகழும் இடமாகப் பயிற்சிக்கூடத்தை அவர் அமைக்க வேண்டியிருக்கிறது.

வதையே உறுதி தரும் என்னும் கடுமைப் பள்ளியின் முதல் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுபவர் அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கேபிள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர். 1976 முதல் 1997 வரை அயோவாவில் தலைமைப் பயிற்றுநராக இருந்து 15 தேசிய அணிப் பட்டங்களைக் குவித்தார். அவற்றில் ஒன்பது 1978 முதல் 1986 வரை இடைவிடாமல் வந்தவை. அவருடைய பயிற்சியின் கொடுமை பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்றை. அவருடைய கூடத்தில் எட், லூ என்ற பானாக் இரட்டையர் இருந்தனர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இருவரும் அடுத்தடுத்த எடைப்பிரிவுகளில் தங்கம் வென்றார்கள். பின்னர் பிராண்ட்ஸ் இரட்டையர் வந்தனர். டாம் 1996இல் தங்கம், டெர்ரி 2000இல் வெண்கலம். தன்னைச் சாய்க்க வல்ல ஒருவரிடம் தினமும் பிடிபட்டுப் பிடிவிட்டுப் பழகும் வாய்ப்பு அங்கே இருந்தது. மல்யுத்தத்தைத் தனியாகப் பழக முடியாது. ஓட்டக்காரருக்கு மைதானம் போதும், மல்லருக்கு இன்னொரு மல்லர் வேண்டும். கேபிளின் வெற்றியை வதையின் கணக்கில் எழுதுபவர்கள் இந்த எளிய உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் இன்னொரு வழக்கு பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். கல்லூரிக் காலத்தில் 159 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காத, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கேல் சாண்டர்சன் 2009இல் அங்கே பொறுப்பேற்றபோது, அவ்வணி கடைசியாகத் தேசியப் பட்டம் வென்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது, அது 1953. 2011 முதல் 2025 வரை 12 பட்டங்கள் வந்தன. அவரும் அவருடைய மல்லர்களும் பொதுவெளியில் திரும்பத் திரும்பப் பேசுவது மகிழ்ச்சி, நன்றியுணர்வு, புள்ளி எடுக்கத் துணிவது ஆகியவை பற்றி. கேட்பதற்குச் சற்று மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் டேவிட் டெய்லரின் வாழ்க்கைத் தடத்தைப் பாருங்கள்: 2011 இறுதிப் போட்டியில் தோல்வி, 2012இல் பட்டம், 2013 இறுதியில் மீண்டும் தோல்வி, 2014இல் மீண்டும் பட்டம், பின்பு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆட்டத்தைக் குறுக்கிக்கொள்ளாமல் திரும்ப வருவதற்கு மனவுறுதி என்றல்லாமல் வேறு என்ன பெயர் சொல்வது?

நாட்டின் சிறந்த பள்ளி மல்லர்களைத் திரட்டிவிட்டால் எந்தப் பண்பாடும் வெல்லும், இதில் பயிற்றுநரின் மேதைமை என்ன என்று கேட்கலாம். இந்த மறுப்பில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். ஆள்சேர்ப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் பட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அயோவாவும் டாம் பிராண்ட்ஸின் கீழ் 2021இல் பட்டம் வென்றிருக்கிறது என்பதால் கடுமைப் பள்ளி தோற்றுவிட்டது என்றும் கூற இயலாது. நான் கோருவது அதைவிடக் குறைவு. கோபமும் அச்சமும் இல்லாத ஒரு கூடம் மிக உயர்ந்த நிலையிலும் வெல்ல முடியும் என்றால், கோபமும் அச்சமும் மனவுறுதிக்கு இன்றியமையாதவை என்ற கூற்று விழுந்துவிடுகிறது. இரு கூடங்களுக்கும் பொதுவாக எஞ்சுவது வலிமையான பயிற்சித் துணைதான்.

வதையின் பக்கத்தை மட்டும் தனியே எடுத்துச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்லர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தனர். அதுவரை ரப்பர் உடை அணிந்து, வெப்ப அறையில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் கிடப்பது வீரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதன்பின் ரப்பர் உடையும் வெப்ப அறையும் தடைசெய்யப்பட்டன. எடைபார்க்கும் நேரம் போட்டிக்கு அருகே நகர்ந்தது. மிகக் குறைந்த எடைப்பிரிவு 118 பவுண்டிலிருந்து 125க்கு உயர்ந்தது. பருவத் தொடக்கத்திலேயே உடற்கொழுப்பையும் நீர்ச்சத்தையும் அளந்து ஒவ்வொருவருக்கும் கீழ்வரம்பு நிர்ணயிக்கும் முறை வந்தது. இவ்வளவும் நடந்தபின் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் தளர்ந்துவிடவில்லை. சாண்டர்சனின் 159 வெற்றிகளும் இந்த விதிகளுக்குப் பிந்தியவை.

இந்தியாவில் இரு கடுமைகளும் ஒரே வீராங்கனையிடம், ஒரே நாள் இடைவெளியில் வெளிப்பட்டன. 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், பன்னாட்டுப் போட்டிகளில் அதுவரை தோற்றிராத யுயி சுசாகியிடம் பின்தங்கியிருந்த வினேஷ் போகாட், கடைசி வினாடிகளில் 3-2 என்று வென்றார். எதிர்ப்பைச் சந்தித்துச் சந்தித்து வளர்ந்த உறுதி அது. மறுநாள் காலை 50 கிலோ வரம்பை 100 கிராம் தாண்டியதால் தகுதி இழந்தார். முந்தைய இரவு முழுதும் அவர் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் போற்றி எழுதின. வழக்கமாக 53 கிலோவில் ஆடியவர் அந்தப் பிரிவின் இடம் வேறொருவருக்குப் போனதால் கீழிறங்கியிருந்தார். அந்த இரவின் துன்பம் அவருக்கு எதையும் கற்பித்ததாகத் தெரியவில்லை.

அச்சம் இல்லாவிட்டால் ஒழுக்கம் ஏது என்று அகாடா என்னும் நம் மல்யுத்தக் கூட மரபைச் சுட்டி ஒரு கடைசி மறுப்பு வரலாம். வஸ்தாத் எனப்படும் ஆசானின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத இடம் அது என்பது உண்மை. ஆனால் அதே மரபில் மூத்த மல்லர் இளையவருக்கு ‘ஜோர்’ கொடுப்பதும் உண்டு: தன் பலத்தை அளந்து கொடுத்து, இளையவர் பிடிகளைச் சோதித்துப் பார்க்க இடம்விடும் பயிற்சி. மரபிலிருந்து கீழ்ப்படிதலை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுவது நம் தேர்வு. அந்தத் தேர்வுக்கு விலை உண்டு. மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி 2023 ஜனவரியில் ஜந்தர் மந்தரில் வினேஷ், சாக்‌ஷி மலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர் புகாரை மறுத்தார். உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். புகார் கூறவே ஒலிம்பிக் களம் கண்டவர்கள் தெருவுக்கு வரவேண்டியிருந்தது என்றால், பதினாறு வயது மல்லர் தன் காயத்தைப் பற்றியோ எடையைப் பற்றியோ யாரிடம் வாய்திறப்பார்? அமெரிக்க விதிமாற்றத்தில் அதிகம் பேசப்படாத கூறு இங்கேதான் பொருந்துகிறது. ஒரு மல்லர் எவ்வளவு எடை குறைக்கலாம் என்ற முடிவு பயிற்றுநரின் கையிலிருந்து எடுக்கப்பட்டு மருத்துவக் குழுவிடம் தரப்பட்டது. நம் இளையோர் போட்டிகளில் தொடங்க வேண்டியதும் அங்கிருந்துதான்.